அக்கா இருக்கிறாள் என்று எழுதிக் கொடுக்கப் போனேன்

நாமக்கல்லில் மூன்று லாட்ஜ்காரர்கள் என்னைத் தமிழிலேயே திருப்பி அனுப்பினார்கள். முதலாமவர் என் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்ததுமே அறை இல்லை என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் வரிசையாகச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாமவர், "வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கறதில்லைங்க" என்று மரியாதையாகச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மூன்றாமவர் ஆதார் அட்டை கேட்டார். இல்லை என்றேன். "தமிழ் பேசறீங்க, ஆதார் இல்லைங்கறீங்களே" என்று களவு செய்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் மன்னாரைச் சேர்ந்தவன். பஸ் நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் அந்த வேலை. அவ்வளவு காலத்தில் ஒரு பஸ்ஸின் நேரத்தைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. சாரதிகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் ஐந்து நிமிடம் பிந்தியது என்றே எழுதினேன். இதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

நான்காவது லாட்ஜின் மேனேஜர் வாயாடி. அதனால்தான் எனக்கு அறை கிடைத்தது. கடவுச்சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க பாரினருங்களா? எங்க சின்னம்மா ஊட்டுக்காரரு மாதிரியே இருக்கறீங்க!" என்றார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் சி பாரம் என்று ஒன்றை நிரப்பி ஒரு நாளைக்குள் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் மற்றவர்கள் சாவியை ஒளித்தார்களாம்.

"வந்த காரணமுங்க?"

"அக்காவைப் பார்க்க."

"அக்கா எங்க இருக்கறாங்க?"

"பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில். அகதிகள் முகாமில்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப அக்கா ஊட்லயே தங்கிக்கலாமுங்களே?"

"வெளிநாட்டுக்காரர் முகாமுக்குள் இரவு தங்க முடியாது."

"உங்க அக்கா மட்டும் தங்கறாங்க?"

"அவளும் வெளிநாட்டுக்காரிதான். அவள் வேறெங்கும் தங்க முடியாது."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "செரியாப் போச்சு போங்க" என்று சொல்லிச் சாவியைத் தந்தார். அந்த மனிதரிடம் நான் இரண்டு வரியில் சொன்னதைத்தான் முப்பத்தைந்து வருடமாக இரண்டு நாட்டுச் சட்டங்களும் பக்கம் பக்கமாகச் சொல்லி வருகின்றன.

நான் வந்த வேலை இதுதான். என் அக்கா பரமேஸ்வரி, சண்டை மூண்ட நாட்களில் அத்தானோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனாள். முகாமுக்கு வந்து ஆறு வருடம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். பெயர் சுதா. அத்தான் பெயிண்ட் அடிக்கும் வேலையில் மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனார். சுதா இங்கேயே படித்துத் தாதியாகி, நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இப்போது வளைகுடா நாடு ஒன்றில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மாத முடிவுக்குள் கடவுச்சீட்டுக்கான வழியைக் காட்ட வேண்டும். பெற்றோரில் ஒருவர்கூட இந்தியப் பிரஜை இல்லை என்பதால் இந்தியா அவளைத் தன் பிரஜையாகச் சேர்ப்பதில்லை. எங்கள் நாட்டில் சேர்ப்பார்கள். அதற்கு அவளுடைய தாயின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தத் தாய் இவள்தான், இன்னும் இருக்கிறாள் என்று ஊரிலிருந்து வரும் ரத்த உறவு ஒருவர் சத்தியக் கடதாசியும் கொடுக்க வேண்டும். அந்த ரத்த உறவு நான் ஒருவன்தான் மிச்சம்.

பிறப்புச் சான்றிதழ் என் பையில் இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சான்றிதழும் இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது.

அன்று மாலை ஒரு பரோட்டாக் கடையில் பக்கத்தில் இருந்தவர் சாப்பிடுவதைப் பார்த்து, அதே வேண்டும் என்றேன். முட்டையைச் சால்னாவோடு அடித்துக் கல்லில் ஊற்றி, முழுதாக வேகும் முன்பே சுருட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். கலக்கி என்று பெயர். முட்டை வேகவில்லையே என்று கடைக்காரரிடம் குறைப்பட்டேன். பக்கத்தில் இருந்த லாரி டிரைவர் சிரித்தார். "வெந்துட்டா அது கலக்கி இல்லீங்க, ஆம்லெட்டு. அப்படியே வாயில போடுங்க." போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வேகவும் இல்லை, பச்சையும் இல்லை என்ற ஒன்றுக்கும் இந்த ஊரில் ஒரு பெயர் இருப்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை கரூர் பஸ்ஸில் ஏறினேன். எட்டு ஐந்துக்குப் புறப்பட வேண்டியது எட்டு ஐந்துக்கே புறப்பட்டது. மனம் குளிர்ந்து போனது. அந்தக் குளிர்ச்சி பரமத்தியைத் தாண்டும் வரைதான் நின்றது. படார் என்று ஒரு சத்தம். பின் டயர் போய்விட்டது. ஊரில் என்றால் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொல்லி சாரதியைச் சாகடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் அமைதியாக இறங்கி வேப்பமர நிழலுக்குப் போனார்கள். கண்டக்டர், "பின்னால வர்ற வண்டில ஏத்தி உடறேனுங்க" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "வர்றப்பங்க" என்றார். இப்படிப்பட்ட பதிலுக்கு எங்கள் நிலையத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும்.

நிழலில் ஈரச்சாக்கு சுற்றிய வெற்றிலைக் கட்டுகளோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"கேம்ப்புக்குங்களா? எங்க கொடிக்காலுக்கு வெத்தலை கிள்ள அங்கிருந்துதானுங்க வாராங்க. நல்ல சனமுங்க. ஒரு சொல்லுப் பேச மாட்டாங்க. ஆனா செக்கிங்குன்னா மட்டும் வேலையைப் போட்டுட்டு ஓடிருவாங்க."

"என்ன செக்கிங்?"

"பதினஞ்சு நாளைக்கொருக்கா ஆபீசரு வந்து பேரு வாசிப்பாருங்க. எல்லாரும் இருக்கோணும். இல்லைன்னா காசும் அரிசியும் நின்னு போயிருமாம்." அவர் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்தார். "நான் கல்யாணமாகி இங்க வந்த வருசந்தான் அவங்களும் வந்தாங்க. எனக்குப் பேத்தி எடுத்தாச்சு. அவங்களுக்கு இன்னுமா ஊரு கிடைக்கலைங்க?"

நாற்பத்திரண்டு நிமிடம் கழித்துப் பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

முகாம் வாசலில் ஒரு காவலர் என் கடவுச்சீட்டைப் பார்த்து நோட்டில் எழுதினார். சுதா முன்கூட்டியே தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஆறு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றார் காவலர். நான் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நரைத்த தலை, கறுத்த சட்டமிட்ட கண்ணாடி. எங்கள் அம்மாதான் நிற்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அம்மா செத்துப் பதினேழு வருடமாகிறது.

"ஏன்டா இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றாள் அக்கா. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் அழுதேன். வாசல் காவலர் திரும்பி நின்றுகொண்டார்.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த புது வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை. சுத்தமாக வைத்திருந்தாள். அரிசிமாப் புட்டு, தேங்காய்ப்பால் சொதி, மத்தி மீன் பொரியல். மத்தி இங்கே வாரத்தில் இரண்டு நாள்தான் வருமாம். எனக்காகச் சொல்லி வைத்து வாங்கினாளாம். "சாப்புடு சாமி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்றாள். அவள் பேச்சில் மன்னாரும் வேலூரும் ஒரே தட்டில் கிடந்தன. ஒரு வாக்கியத்தை அங்கே தொடங்கி இங்கே முடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: "வளவில வீடு கட்டினியாமே. படம் வச்சிருக்கிறியா?"

கைபேசியில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கிணற்றடியைத் தேடினாள். "கிணத்தை மூடேல்லைத்தானே?" என்றாள். மூடவில்லை என்றேன். "நல்லாத்தான் கட்டியிருக்கிறாய்" என்று கைபேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்குத்தான் போகும். கல்யாணத்தின்போது சீதனமாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த வளவு அக்காவின் பெயரில் இருந்தது. அவள் வள்ளம் ஏறிய பிறகு நாங்கள் ஊர் ஊராக ஓடினோம். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது இருந்த வீடு தரைமட்டமாகிக் கிடந்தது. வீட்டுத் திட்டத்தில் புது வீடு தருகிறோம், காணி உன் பெயரில் இருக்க வேண்டும் என்றார்கள். அக்காவின் கையெழுத்தில்லாமல் காணி என் பெயருக்கு வராது. அந்தச் சமயத்தில்தான், சண்டையில் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்க ஓர் ஏற்பாடு வந்தது. நெருங்கிய உறவினர் வந்து, இன்ன நாளிலிருந்து தகவல் இல்லை, இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று சத்தியம் செய்தால் போதும். எங்கள் தெருவில் நிறையப் பேர் உண்மையாகவே அப்படிச் சத்தியம் செய்தார்கள், அழுது அழுது செய்தார்கள். நானும் அந்த வரிசையில் போய் நின்றேன்.

அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அக்காவின் கையெழுத்து. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். ஓட்டத்தில் அதுவும் தொலைந்தது. பதில் போடாமலே இருந்துவிட்டேன். பிறகு எழுதுவோம், பிறகு எழுதுவோம் என்று இருந்து, கடைசியில் மரணச் சான்றிதழுக்கு எழுதினேன். வீடு கட்டி முடித்து மூன்றாம் வருடம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "டேய், நான் அக்கா கதைக்கிறன்." அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அதன் பிறகு எத்தனையோ அழைப்புகள் வந்தன. அன்று அந்த அறையில் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்து நல்ல பிள்ளையாக நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் சுதாவோடு நாமக்கல்லில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனேன். சுதா கெட்டிக்காரி, சிரித்த முகம். முகாமுக்கு வெளியே பார்ப்பவர்கள் யாரும் அவளை இந்த ஊர்ப் பெண் என்றுதான் சொல்வார்கள். டவுன் பஸ்ஸில் போகும்போது, "ஏனுங்க மாமா, நான் இங்கயே பொறந்து, இங்கயே படிச்சேன். கவர்மென்ட் நர்சு வேலைக்கு மனுப் போடப் போனா குடியுரிமைங்கற எடத்துல என்ன எழுதறதுன்னு தெரியலைங்க. வெறுமனே உட்டுட்டு வந்துட்டேன். இப்பத்தான் முதல் தடவையா அங்க எழுதறதுக்கு ஒரு பேரு கிடைக்கப் போகுதுங்க" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு ஒரு தேன்மிட்டாய் எடுத்துத் தந்தாள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வக்கீல் ஐம்பது வயதுப் பெண்மணி. கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, டைப் அடித்து வந்த கடதாசியை என் பக்கம் தள்ளினார். "நல்லாப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. அவசரமில்லைங்க."

படித்தேன். பரமேஸ்வரி என் உடன்பிறந்த சகோதரி என்பது முதல் வரி. அவர் இன்றளவும் உயிருடன் இருக்கிறார் என்பது இரண்டாவது. சுதா அவருடைய மகள் என்பது மூன்றாவது. நான்காவதில், இதற்கு மாறாக இதுவரை எந்த அலுவலகத்திலும் எந்த உறுதிமொழியும் நான் அளித்ததில்லை என்று இருந்தது.

எல்லாக் கடதாசிகளிலும் வழக்கமாகச் சேர்க்கும் வரிதானாம். வக்கீல் பிறகு சொன்னார். என்னைப் போன்ற ஒருவனை நினைத்து யாரும் அதை எழுதவில்லை. ஆனால் பேனா மூடியைக் கழற்றிய கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. போட்டிருப்பேன். போடத்தான் வந்தேன். நாமக்கல்லில் போடும் கையெழுத்தை மன்னாரில் போட்ட கையெழுத்தோடு யார் ஒப்பிடப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் கடல் தாண்டி வந்தேன். ஆனால் ஒப்பிட்டுவிட்டால், பொய்க் கடதாசி கொடுத்தவள் என்று மாட்டிக்கொள்வது நானல்ல, இந்தப் பிள்ளை. பையைத் திறந்து அடியில் இருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

வக்கீல் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு சுதாவிடம் கொடுத்தார்.

மரணச் சான்றிதழ் சின்னக் கடதாசிதான். படிக்க அரை நிமிடம் போதும். சுதா அதைப் படித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க," என்றார் வக்கீல் என்னைப் பார்த்து, "இதுல அவங்க இறந்த தேதிக்கு ஆறு வருசம் கழிச்சு இந்தப் பொண்ணு பொறந்திருக்குது. உங்க நாட்டு ஆபீசுல இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாங்கன்னா, இந்தப் பொண்ணுக்கு அம்மாவே இல்லைங்க. அம்மா இல்லைன்னா நாடும் இல்லைங்க."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். நான் ஊருக்குத் திரும்பிப் போய், முன்பு செய்த சத்தியம் பொய் என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு என் மேல் வழக்கு வரலாம். வீட்டுக் காணியின் உறுதியும் கேள்விக்கு வரும். மரணப் பதிவை நீக்கிய பிறகுதான் சுதாவின் மனு நகரும். அது மாதத்தில் முடிகிற காரியமல்ல, வருடக் கணக்கில் போகும். அக்கா உயிரோடிருக்கிறாள் என்பதற்கு அரசாங்கச் சாட்சி ஒன்றும் வேண்டும்.

"அம்மாவே நேர்ல போய் நிக்க முடியாதுங்களா?" என்று சுதா கேட்டாள். அவள் குரல் அப்போதும் மரியாதையாகவே இருந்தது.

"போறதுக்குப் பயணப் பத்திரம் அந்த நாட்டு ஆபீசுதான் குடுக்கோணும் கண்ணு. செத்தவங்களுக்குக் குடுப்பாங்களா?"

நான்காவது வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் முன்பு கொடுத்த சத்தியம் பொய் என்று ஒரு வரி சேர்த்து டைப் அடிக்கச் சொன்னேன். அதில் கையெழுத்துப் போட்டேன். மாத முடிவுக்கு அது எந்த உதவியும் செய்யாது. சுதா மருத்துவமனைக்கு வெளியே நின்று, அந்த வெளிநாட்டு வேலை வேண்டாம் என்று கைபேசியில் எழுதி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் அவள்தான் சீட்டு வாங்கினாள். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கம்மா அஞ்சு காயிதம் போட்டாங்க மாமா. ஒண்ணாச்சும் வந்துச்சுங்களா?"

"ஒன்று வந்தது."

அவள் தலையை ஆட்டினாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தாதி. வலிக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு அதைத் தொடாமல் விட்டாள்.

அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்று சுதா வாசலிலேயே நின்றுகொண்டாள். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுத் திட்டம், உறுதி, சத்தியம், அந்த ஒரு கடிதம், சுதாவின் வேலை. அக்கா கீரை உருவுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியைக் கேட்டாள்.

"எங்க செத்தனாம்?"

"கடலில்."

"எத்தினை மணிக்கு?"

படிவத்தில் நேரம் என்றொரு கட்டம் இருந்தது. தெரியாது என்று எழுதியிருக்கலாம். நேரக்கணிப்பாளனுக்குக் கட்டத்தை வெறுமையாக விட மனம் வரவில்லை. "ஒன்பது மணி என்று எழுதினேன்" என்றேன்.

"ஒன்பதுக்கு நாங்கள் கரையில எல்லோ நிண்டனாங்கள். வள்ளம் வெளிக்கிட்டது பதினொண்டுக்கு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். "அப்ப இவளை ஆர் பெத்தது?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை.

மன்னித்துவிடு என்றேன். "வீட்டை நீ வச்சிரு. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. என்ர பேரைக் கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பன்டா" என்றாள். பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். "அவளின்ர வேலையை மட்டும் ஏன்டா..." என்றாள். அதற்கு மேல் முடிக்கவில்லை. நான் அந்த வீட்டில் அன்று சாப்பிடவில்லை. சாப்பிடு என்று அவளும் சொல்லவில்லை.

நான்காம் நாள் முகாமில் செக்கிங். முகாமுக்குள் போக எனக்கிருந்த அனுமதிக்கும் அதுவே கடைசி நாள். வக்கீல் கேட்ட அரசாங்கச் சாட்சியைப் பற்றி சுதாதான் யோசித்தாள். "செக்கிங் நோட்டுல அம்மா கையெழுத்து ஆரம்பத்துல இருந்து இருக்குமுங்க. அதுக்கு நகல் கேட்டு மனுக் கொடுக்கலாம்" என்றாள். மனுவை அவளே எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். காலையில் என்னைப் பார்த்ததும், "டீ குடிச்சீங்களா மாமா?" என்று கேட்டாள். குடித்தேன் என்று பொய் சொன்னேன்.

சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை, அதன் மேல் தடித்த பதிவேடு. வருவாய்த் துறை அலுவலர் இளைஞர். ஒவ்வொரு பெயராக வாசித்தார். வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள், பெயிண்ட் காயாத கையோடு வந்தவர்கள், வெற்றிலைக் கறையோடு வந்தவர்கள். பெயர் கேட்டதும் எழுந்து இருக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இந்த நாட்டில் அந்நியர் என்பதற்காக எடுக்கும் கணக்கு அது. அதைப் பார்த்து எத்தனையோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். கோபப்பட நியாயமும் உண்டு. ஆனால் முப்பத்தைந்து வருடம் பதினைந்து நாளைக்கொரு தடவை, பரமேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்டு எழுதி வைத்தது அந்தப் பதிவேடு மட்டும்தான். கூடப்பிறந்தவன் நான் கேட்கவில்லை.

"பரமேஸ்வரி" என்றார் அலுவலர்.

அக்கா கண்ணாடியைத் தேடிப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அலுவலர் இன்னொரு தடவை பெயரைச் சொன்னார். பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு பதற்றம் வந்தது என்று தெரியவில்லை.

"இருக்கிறா! இருக்கிறா ஐயா!" என்று கத்திவிட்டேன்.

கூடம் திரும்பிப் பார்த்தது. அலுவலர் தலையை நிமிர்த்தினார். "நீங்க ஆருங்க?"

"தம்பி. கூடப்பிறந்த தம்பி."

"நீங்க சொன்னாச் செல்லாதுங்க" என்றார் அவர், கோபமில்லாமல். "இருக்கறவங்கதானுங்க இருக்கறேன்னு சொல்லோணும்."

ஊரில் இன்னொரு மேசைக்கு முன்னால் நின்று அவள் இல்லை என்று சொன்னபோது, தம்பி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். என்னைக் கடந்து மேசைக்குப் போனாள். "இருக்கிறனுங்க" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி, அவசரமில்லாமல் முழுப் பெயரையும் எழுதினாள்.

பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி இருபத்திரண்டு நிமிடம். கடதாசி கையில் இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.